ஒரு பனையின் இரு முட்டிகள்

பனையில் ஏறிப் பாளை சீவுகின்றவர் கட்டும் முட்டிகள் இரண்டு வகைப்படும். ஒன்றின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கும், மற்றதில் இராது. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்குவது கருப்பநீர். தமிழ்நாட்டார் அதனைப் பதநீர் என்பர். பூசாத முட்டியில் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஊறும் சாறும் ஒன்றே. ஆயினும் கருப்பநீர் அடுப்பேறிப் பனங்கட்டியாகின்றது. கள் வாலையேறிச் சாராயமாகின்றது. முன்னதைக் காய்ச்சக் காய்ச்ச அதன் கொதிநிலை நூறு பாகைக்கு மேலே ஏறிச் செல்லும். பின்னதோ நூறு பாகையை எட்டுமுன்னரே கொதிக்கத் தொடங்கிவிடும். ஒரே மரத்துச் சாறு இவ்வாறு இருவேறு திசையிற் செல்வானேன்? இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. அக்கணக்கை ஒருவர் எழுதிவைத்த வரலாற்றையும், அது தமிழுக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நேயர்களே, நான் கலைப்பட்டதாரி. இரசாயனவியல் என் துறை அன்று. கோப்பாயில் ஓர் அரசினர் பாடசாலைக்கு அதிபராக இருக்கிறேன். ஒருநாள் இரசாயனவியல் ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால், உயர்தர வகுப்புப் பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்கும் பொருட்டு அவ்வகுப்பிற் போய் அமர்ந்தேன். கரும்பலகையில் முந்திய நாட் பாடத்தின் தலைப்பு அழியாமல் இருந்தது: ‘இலட்சியக் கரைசல்களின் ஆவியமுக்கம்’. முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இலட்சியம் மனிசருக்குத்தானே இருக்கும், திரவத்துக்கு எப்படி வந்தது?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துத் தப்பிக்கொண்டேன். ஆயினும் கேள்வி நியாயமானது. விடை எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. அன்று மாலை தொடங்கிய தேடலே இப்பேச்சாக விரிந்தது.

திரவம் எதுவாயினும் அதன் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஓயாது வெளியேறிக்கொண்டிருக்கும். மூடிய கலமாயின், வெளியேறுவனவும் மீண்டு வருவனவும் ஒரு நிலையிற் சமமாகிவிடும். அப்போது ஆவி கலத்தின்மீது செலுத்தும் அமுக்கமே ஆவியமுக்கம். வெப்பம் ஏற அதுவும் ஏறும். வெளியிலுள்ள வளியின் அமுக்கத்துக்கு அது சமமாகும் வேளையில் திரவம் கொதிக்கும். ஆகவே கொதிநிலை என்பது திரவத்தின் குணம் மாத்திரமன்று. அத்திரவம் இருக்கும் இடத்தைப் பொறுத்ததுமாகும். யாழ்ப்பாணத்தில் நூறு பாகையிற் கொதிக்கும் நீர், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கு மாற்றலாகிச் சென்ற நம்மவர், பருப்பு அவியவில்லை என்று அடுப்பையும் விறகையும் குறைகூறுவதுண்டு. அவையிரண்டும் குற்றமற்றவை.

இந்த ஆவியமுக்கத்தை முறையாக அளக்கத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் யோன் தாற்றன் என்னும் ஆங்கிலேயர். நெசவாளி ஒருவரின் மகன். பன்னிரண்டு வயதிலேயே கிராமப் பள்ளியொன்றிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புகுந்தவர். அணுக்கொள்கைக்காக உலகம் அவரை நினைவுகூருகின்றது. ஆயின் அணுவை எண்ணுமுன் அவர் எண்ணியது காற்றையும் மழையையும் நீராவியையும் பற்றியே. 1801ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்து எளிமையானது: பல வாயுக்கள் ஓரிடத்திற் கலந்திருந்தாலும், ஒவ்வொன்றும் தான் தனித்திருந்தாற்போலவே தன் அமுக்கத்தைச் செலுத்தும், மொத்த அமுக்கம் அவற்றின் கூட்டுத்தொகை. கலந்த ஆவியைப் பிரித்து எண்ணுவதற்கு இதனால் வழி பிறந்தது. ஆயினும், கலந்த திரவம் ஒவ்வோர் ஆவியையும் எவ்வளவு வெளிவிடும் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

விடையின்றியே உலகம் வடித்துக்கொண்டிருந்தது. நம் சித்த வைத்தியர்கள் வாலை என்னும் கருவியைக் கொண்டு தீநீர்களை வடித்தனர். பானையின் மேற் பானை கவிழ்த்து, எழும் ஆவியைக் குளிரச்செய்து துளிதுளியாக ஏந்தும் வித்தை அது. வடிப்பவர் நாவாலும் மூக்காலும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: முதலில் இறங்குவது வீரியம் மிக்கது, பின்னர் இறங்குவது நீர்த்தது. எளிதில் ஆவியாகும் பொருள் ஆவியில் மிகுந்திருக்கும் என்னும் விதியின் நாட்டு வழக்கு இதுவே. ஐரோப்பாவில் இவ்வித்தை தொழிற்சாலையாக வளர்ந்தது. அயர்லாந்தில் மதுவரித் திணைக்களத்தின் உயர் அலுவலராக இருந்த ஈனியசு கொவ்வி என்பவர், ஆவியும் திரவமும் தட்டுத் தட்டாக எதிரெதிரே செல்லும் உயர்ந்த வடிகலம் ஒன்றுக்கு 1830இல் உரிமைப்பத்திரம் பெற்றார். பலமுறை வடிப்பதை ஒரே முறையில் முடித்துவிடும் கருவி அது. வரி அறவிட்டவரே வடிகலத்தையும் திருத்தினார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

கொவ்வி உரிமைப்பத்திரம் பெற்ற அதே 1830ஆம் ஆண்டில், பிரான்சின் வடபகுதியிற் பிறந்தவர் பிரான்சுவா மரி இரவோற்று. பிரெஞ்சுக்காரர் ‘ராவுல்’ என உச்சரிக்கும் பெயர் நம் பாடசாலை வழக்கில் இரவோற்று ஆகிவிட்டது. வசதி குறைந்த குடும்பம். பல ஊர்ப் பாடசாலைகளில் ஆசிரியராக உழைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து 1863இற் பட்டம் பெற்றார். 1867இல் ஆல்ப்சு மலையடிவாரத்து நகரமாகிய கிரெனோபிளுக்குச் சென்றவர், 1901இல் மறையும் வரை அந்நகரை விட்டு நீங்கவில்லை. பாரிசு நகரின் பெரிய ஆய்வுகூடங்களை நாடிச் செல்லாமல் ஒரு மாகாண நகரத்தில் அமைதியாக இருந்து, வெப்பமானியும் இரசக் குழாயுமாகக் காலங்கழித்த அவரை, ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடிக்கின்றது.

அவருடைய ஆராய்ச்சியிலும் மதுவுக்கு இடம் இருந்தது. 1880இல் மதுபானங்கள் எந்தக் குளிரில் உறைகின்றன என்பதை அளந்து எழுதினார். அங்கிருந்து கரைசல்கள் யாவற்றுக்கும் தம் அளவைகளை விரித்தார். 1887இல் ஆவியமுக்கத்துக்கான பொதுவிதியை வெளியிட்டார். தூய திரவமொன்றில் வேறொரு பொருளைக் கரைத்தால் அத்திரவத்தின் ஆவியமுக்கம் குறையும். எவ்வளவு குறையும்? நூறு மூலக்கூறுகளில் ஐந்து கரைந்த பொருளினுடையவையாயின், நூற்றுக்கு ஐந்து பங்கு குறையும். கரைந்தது எது என்பது பொருட்டன்று. எத்தனை என்பதே பொருட்டு. பொருள்களின் நிறத்தையும் மணத்தையும் குணத்தையும் பற்றியே பேசிவந்த இரசாயனவியலில், வெறும் எண்ணிக்கை ஆட்சி செய்யும் இடம் ஒன்று உண்டென்று காட்டியமையே அவர் செய்த பெருஞ்செயல்.

இப்போது சுண்ணாம்பு முட்டிக்கு வருவோம். கருப்பநீரில் இருப்பது வெல்லம், வெல்லம் ஆவியாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய பாகில் வெல்ல மூலக்கூறுகளின் பங்கு மிகுகின்றது; நீரின் ஆவியமுக்கம் இரவோற்றுச் சொன்னபடி தாழ்கின்றது; தாழ்ந்த அமுக்கத்தை மீண்டும் வளியமுக்கத்துக்கு உயர்த்த மேலும் வெப்பம் வேண்டும். பனங்கட்டி காய்ச்சும் பெண்கள் கடைசி நேரத்தில் அடுப்பை விட்டு அகலாதிருப்பதும், தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பதம் பார்ப்பதும் அந்த ஏற்றத்தை அறிந்தே. அவர்களிடம் வெப்பமானி இல்லை. பதம் என்ற சொல் உண்டு.

கள்முட்டியின் கதை வேறு. அதில் வெல்லம் நொதித்து மதுசாரமாகிவிட்டது. மதுசாரமும் ஆவியாகும், தனித்திருந்தால் 78 பாகையளவிற் கொதிக்கும். இரண்டும் ஆவியாகும் கலவையில், இரவோற்றின் கணக்கை இரண்டுக்கும் தனித்தனியே போட்டு, தாற்றன் சொன்னபடி கூட்டவேண்டும். பாடநூல்கள் இதற்குப் பென்சீனையும் தொலுயீனையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். இருபது பாகையில் தூய பென்சீனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் இரசம்; தொலுயீனுக்கு 22. மூலக்கூற்று எண்ணிக்கையிற் சரிபாதியாகக் கலந்தால், பென்சீன் தன்னுடையதிற் பாதியாக 37½ தரும், தொலுயீன் 11 தரும், மொத்தம் 48½. ஆவியில் மட்டும் எண்ணிப் பார்த்தால் பென்சீன் நூற்றுக்கு 77 பங்கு! திரவத்திற் பாதியாக இருந்தது ஆவியில் முக்காலுக்கு மேலாகிவிட்டது. அவ்வாவியைக் குளிரவைத்து மீண்டும் வடித்தால் இன்னும் தூய்மையாகும். கொவ்வியின் தட்டுகள் ஐம்பத்தேழு ஆண்டுகளாகச் செய்துவந்தது என்ன என்பது அப்போதுதான் கணக்கிற் புலப்பட்டது. இச்சரிபாதிக் கலவை ஏறத்தாழ 92 பாகையிற் கொதிக்கும். பென்சீனின் 80 பாகைக்கும் தொலுயீனின் 110 பாகைக்கும் இடையில்.

ஆயின் எல்லாக் கலவையும் இப்படி நடப்பதில்லை. போலந்து நாட்டவரான சவிட்சுக்கி, 1900இல் பல இரட்டைக் கலவைகளின் ஆவிகளை அளந்து, சில விதிக்கு நேராக நிற்பதையும் சில விலகி வளைவதையும் காட்டினார். நேராக நிற்பவற்றுக்கே இலட்சியக் கரைசல் என்று பெயர். அம்மாணவிக்குச் சொல்லவேண்டிய விடை இதுதான். பென்சீனின் மூலக்கூறு ஒன்று தன்னினத்தாரிடையே இருந்தாலும், தொலுயீன் கூட்டத்திடையே இருந்தாலும் வேறுபாடு உணர்வதில்லை. இரு சாராரும் ஒருவரையொருவர் ஈர்க்கும் அளவு, தத்தம் இனத்தாரை ஈர்க்கும் அளவுக்கு ஒத்திருக்கின்றது. நல்லூர்த் திருவிழாவில் அயலூர்க்காரனும் உள்ளூர்க்காரனும் ஒருவர்போலவே நடமாடுவதைப் போன்றது அது. இலட்சியம் என்பது இங்கே உயர்ந்த நோக்கத்தைக் குறிப்பதன்று. முழுமையான மாதிரி என்பதையே குறிக்கின்றது. சொல்லைத் தெரிந்தெடுத்தோர் இன்னும் சற்றுச் சிந்தித்திருக்கலாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

நம் கள் இலட்சியக் கலவை அன்று. நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு மதுசாரம் உள்ள நீரைக் கொதிக்கவைத்தால், விதியின்படி ஆவியில் நிறையிற் பத்திலொரு பங்கே மதுசாரம் இருத்தல் வேண்டும். அளந்து பார்த்தால் மூன்றிலொரு பங்களவு இருக்கின்றது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியவை. அவற்றிடையே சிறுபான்மையாக அகப்பட்ட மதுசாரம் நன்கு இடங்கொள்ளமாட்டாமல், கணக்குக்கு மேலாக ஆவியிற் புகுந்துவிடுகின்றது. மண்பானையும் ஒரேயொரு முறை வடித்தலும் போதியவையாக இருந்தமைக்கு இதுவே காரணம். கள் இலட்சியக் கலவையாக இருந்திருப்பின், சாராயத்தைப் பற்றிய அரசாங்கச் சட்டங்கள் பலவற்றுக்குத் தேவையே எழுந்திராது.

அந்த விலகலே மறுமுனையில் தடையாகவும் வந்து நிற்கின்றது. எத்தனை முறை வடித்தாலும், மதுசாரம் நிறையில் நூற்றுக்கு 95.6 பங்கை எட்டியதும் ஆவியும் திரவமும் ஒரே விகிதமாகிவிடும். அதன்பின் வாலைக்கு வேலையில்லை. குழந்தையின் வயிற்றுநோவுக்குக் கொடுக்கும் ஓமத்தீநீரோ இன்னொரு வகை. ஓமத்தின் எண்ணெய் நீருடன் ஏறத்தாழக் கலப்பதே இல்லை. கலவாத இரண்டும் தத்தம் முழு ஆவியமுக்கத்தையும் தருவதால், நூறு பாகைக்கு மிகவும் மேலே கொதிக்கவேண்டிய எண்ணெய் நூறு பாகைக்குள்ளேயே நீராவியோடு கைகோத்து வந்துவிடுகின்றது. பரியாரிமார் கண்ட இவ்வழியை வியவாதிருக்க முடியவில்லை.

இனி, இவ்விதி தமிழுக்கு வந்த கதை. இரவோற்று தம் விதியை வெளியிடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1875இல், யாழ்ப்பாணத்துத் தமிழில் இரசாயன நூலொன்று அச்சாகிவிட்டது. அதன் பெயர் ‘கெமிஸ்தம்’. அதனை உருவாக்கியவர் மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிசனரி, மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன். 1847இல் வந்தவர், இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873 வரை இங்கேயே வாழ்ந்தவர். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். கற்றவர்கள் கிராமங்களை விட்டு அரசாங்க உத்தியோகம் தேடிச் செல்வதைக் கண்டு, 1864 அளவிற் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் நூல் இல்லையென்று பலரும் சொன்னபோது, மாணாக்கரைத் துணைக்கொண்டு நூல்களைத் தாமே ஆக்கினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அவ்வரிசையிலே, வெல்சு என்னும் அமெரிக்கரின் இரசாயன நூலைத் தழுவி எழுந்ததே கெமிஸ்தம். நூல் வெளிவந்தபோது கிறீன் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். அங்கிருந்தும் தமிழ்நூற் பணியை விடாது செய்து, 1884இல் மறைந்தார்.

‘கெமிஸ்தம்’ என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்போர் உளர். நான் சிரிக்கமாட்டேன். தமிழ்ச்சொல் உண்டாயின் அதனை எடுப்பது, இல்லையாயின் வடமொழியிற் பார்ப்பது, அங்கும் இல்லையாயின் மேனாட்டுச் சொல்லுக்குத் தமிழ் உடை தைத்துப் போடுவது என்று கிறீன் ஒரு முறைமை வகுத்திருந்தார். ‘கெமிஸ்தம்’ அந்த மூன்றாவது வகை உடை. இன்று நாம் ஒட்சிசன், ஐதரசன் என்று எழுதுவதும் அதே தையற்காரன் வேலையன்றி வேறென்ன?

மூலநூலை எழுதிய தாவீது வெல்சைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அவர் பின்னர் இரசாயனத்தைக் கைவிட்டுப் பொருளியலுக்குச் சென்று, அமெரிக்க அரசின் வரித்துறை ஆணையாளரானார். அவருடைய பரிந்துரையினால் 1868இல் விசுக்கிமீதான வரி இரண்டு தொலரிலிருந்து ஐம்பது சதமாகக் குறைந்தது. இவ்வரலாறு எங்குத் திரும்பினாலும் சாராயப் பானையிலேயே இடறி விழுகின்றது.

அதே வெல்சின் நூல் சீனமொழிக்கும் சென்றது. சாங்காயில் யோன் பிறையர் என்னும் ஆங்கிலேயரும் சூ சோவு என்னும் சீன அறிஞரும் சேர்ந்து அதனை மொழிபெயர்த்து, 1871இல் வெளியிட்டனர். தனிமங்களுக்கு அவர்கள் வகுத்த எழுத்துக்கள் பல இன்றும் சீனப் பாடசாலைகளில் வழங்குகின்றன. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நூல் இரு பழம்பெரும் மொழிகளில் நுழைந்தது. அங்கே அது வேரூன்றியது. இங்கே அறுபட்டது. ஏன்? அங்கே நூலை வெளியிட்டது அரசின் படைக்கலச் சாலை. மொழிபெயர்ப்புக்கெனவே அதில் ஒரு பிரிவு இருந்தது. இங்கே ஒரு தனிமனிதரின் விடாமுயற்சி மட்டுமே இருந்தது. 1870இல் கொழும்பில் ஆங்கில வழியிலான மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டபின், தமிழில் மருத்துவம் கற்றவருக்கு மதிப்பும் இல்லை, உத்தியோகமும் இல்லை. நம் பெற்றோர்களும் பிள்ளைகளை ஆங்கிலத்தின் பக்கமே அனுப்பினர். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. சோறு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் சென்றனர். ஆயினும், இரவோற்றின் விதி 1887இற் பிறந்தபோது, அதனை வரவேற்கத் தமிழில் வாசல் ஒன்று கட்டப்பட்டிருந்தும், வாசலில் ஆள் இல்லை என்பதை எண்ணும்போது வருத்தமாகவே இருக்கின்றது.

1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தமிழ்ச் சாத்திர பரிபாசைக்கென ஒரு சங்கம் அமைத்தனர். ஈழத்தில் 1945இன் இலவசக் கல்வித் திட்டத்தை ஒட்டித் தாய்மொழி தொடக்க வகுப்புகளில் இடம்பெற்றது; 1950களிலும் 1960களிலும் மேல்வகுப்பு விஞ்ஞானப் பாடங்களுக்கும் படிப்படியாகச் சென்றது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. ‘ஆவியமுக்கம்’, ‘மூல் பின்னம்’, ‘இலட்சியக் கரைசல்’ என்பன இவ்வாறு ஈழத்து வகுப்பறைகளில் நிலைபெற்றவை. தமிழ்நாட்டிலோ ‘ஆவியழுத்தம்’ என்பர். இரசாயனவியலை வேதியியல் என்பர். பாக்குநீரிணையின் இரு கரையிலும் நீர் ஒரே பாகையிற் கொதித்தாலும், சொல் வேறாகக் கொதிக்கின்றது. கிறீன் காலத்துச் சொற்கள் இரு கரையிலும் பெரும்பாலும் வழக்கிழந்துவிட்டன.

எங்கள் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை இவ்விதியைத் தமிழில் கற்கின்றனர். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் வாசலைத் தாண்டியதும் ஆங்கிலத்தில் மீண்டும் கற்கின்றனர். முதலாம் ஆண்டில் தடுமாறிப் போனவர்கள் விடுமுறையில் என்னிடம் வந்து, கணக்குத் தெரியும், கேள்விதான் விளங்கவில்லை என்று சொன்னதுண்டு. கிறீன் எதிர்கொண்ட அதே சிக்கல் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் தீரவில்லை.

அம்மாணவியின் கேள்விக்கு ஒரு வாரம் கழித்தே விடை சொன்னேன். அப்போது பங்குனி மாதம். எங்கள் ஊருக்கு அயலிலுள்ள கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருந்தும், எங்கள் பிள்ளைகளுட் பலர் பனங்கட்டி காய்ச்சுவதைக் கண்டதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆகவே இரசாயனவியல் ஆசிரியரின் இசைவோடு, கருப்பநீர் ஒரு முட்டி வாங்கி, பாடசாலை முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். கொதி தொடங்கியபோது வெப்பமானி நூறைச் சற்றே தாண்டி நின்றது. நெடுநேரம் அசையவில்லை, சில பிள்ளைகள் சலித்துக்கொண்டனர். பாகு இறுக இறுக இரசம் ஏறத் தொடங்கியது. நூற்றிரண்டு, நூற்றைந்து என்று மாணவி உரக்கப் படிக்க, மற்றொருவன் எழுதினான். நூற்றுப்பத்தை நெருங்கியதும் ஆசிரியர் விரைந்து வந்து வெப்பமானியை வெளியே எடுத்தார். ஆய்வுகூடத்தில் இருந்தது நூற்றுப்பத்து வரையே காட்டும் கருவி. அதற்குமேல் பதம் பார்க்கப் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை அம்மாவைத்தான் அழைக்கவேண்டியிருந்தது. அவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்றார்.